டிசம்பர் ஒன்று வரைக்கும்

என் தங்கை புருஷன் டெல்மர் ஹல்வெர்சனுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அதனால் அவன் எதையும் படித்ததில்லை. மருந்துப் புட்டியில் ஒட்டியிருப்பது, மரம் அறுக்கும் மெஷினோடு வரும் புத்தகம், பாங்கியிலிருந்து வரும் கடிதம், எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். "இதுல என்ன புதுசா எழுதிக் கிழிச்சிருக்கப் போறான்" என்று விறகு அடுப்பில் போட்டுவிடுவான். மெஷின் இரண்டு வாரத்தில் புகைந்து நிற்கும். கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்பான்.

ஒரு வருஷம் ஏரி சரியாக உறைவதற்கு முன்னாலேயே பிக்கப் வண்டியை அதன்மேல் ஓட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போனான். எங்கள் பக்கத்தில் சின்னப் பையன்கூட ஐஸில் துளை போட்டு, கனம் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பான். டெல்மர் பார்க்கவில்லை. "பொறந்ததுலேர்ந்து பாக்குற ஏரி, அது என்கிட்டயே வாலாட்டுமா" என்றான். ஐஸ் உடைந்து வண்டி ஏரிக்குள் போயே போய்விட்டது. கதவைத் திறந்து குதித்ததால் இவன் மட்டும் தப்பினான். இன்றைக்குக் கேட்டாலும் அந்த வருஷம் ஐஸ் சரியில்லை என்றுதான் சொல்வான்.

இப்பேர்ப்பட்டவனைத்தான் என் தங்கை மார்லா கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்றே சொன்னேன், கேட்கவில்லை. சிரித்தால் அழகாக இருப்பானாம்.

விஸ்கான்சின் வடக்குக் கோடியில், ஆற்றங்கரைக் காகித ஆலையை நம்பிப் பிழைக்கிற ஊர் எங்களுடையது. டெல்மர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆலைக்குப் போனவன். மூன்றாம் நம்பர் மெஷினில் நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றான். வேலைக்காரன்தான், அதை நான் மறுக்கவில்லை. ஒருநாள் லீவு போட்டதில்லை, ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. அந்த ஆலை இன்சூரன்ஸில்தான் மார்லாவுக்கும் வைத்தியம் நடந்தது. அவள் சர்ச் அலுவலகத்தில் அரை நாள் வேலை பார்க்கிறாள். அரை நாள் வேலைக்கு எங்கள் நாட்டில் அரை இன்சூரன்ஸ்கூடக் கிடையாது.

அறுபத்திரண்டு வயதில் டெல்மர் வேலையை விட்டான். புதிதாக வந்த இளவட்ட மேலாளன் ஒருவன், பாதுகாப்பு விதிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னானாம். யாரிடம் வந்து என்ன சொல்கிறான் பாருங்கள். டெல்மர் தலைக்கவசத்தைக் கழற்றி அவன் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். ஊரே கை தட்டியது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் ஆளுக்கொரு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். மார்லா மட்டும் கோஸ் சாலட்டைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஊரில் வேலையை விடுகிறவன் பெண்டாட்டியைக் கேட்கிறானோ இல்லையோ, தன் வயதைக் கேட்டுக்கொள்வான். அறுபத்தைந்து ஆகிவிட்டால் அரசாங்கத்தின் முதியோர் இன்சூரன்ஸான மெடிகேர் வந்து தாங்கும். அதற்கு முன்னால் வேலை போனால் இன்சூரன்ஸும் போகும். என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அறுபத்து மூன்று. ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நின்றபடி முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வறுக்கிறேன். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. முட்டிக்கு வைத்தியம் செய்ய இன்சூரன்ஸ் வேண்டும், இன்சூரன்ஸுக்கு வேலை வேண்டும், வேலை செய்தால் முட்டி தேயும். இந்த அழகைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலைதான் வைக்க வேண்டும்.

அன்று அந்த விருந்திலேயே டெல்மரிடம் கேட்டேன். "ஏம்ப்பா, ஆலை இன்சூரன்ஸ் போயிருச்சே, இனி என்ன பண்ணப் போற?"

"எனக்கு என்ன நோவு இருக்கு? கல்லு மாதிரி இருக்கேன்."

"உனக்கு இல்ல சரி. உன் பெண்டாட்டி என்ன, அவளும் கல்லா? அரசாங்கத் திட்டம் ஒண்ணு இருக்குல்ல. வருமானம் கம்மின்னா பாதிக்கு மேல அவங்களே கட்டிருவாங்க. ரெண்டு பேரும் அதுல சேருங்க."

"நான் பிச்சை எடுக்குறவன் இல்ல, பெவ்."

"அறுபத்தஞ்சுல மெடிகேர் வாங்கப் போறியே, அது யாரு குடுக்குறது, உங்க தாத்தாவா?"

"அது வேற. அது நான் உழைச்சுக் கட்டினது. நீ கரண்டி புடிக்கிறவ, உனக்கு இதெல்லாம் புரியாது."

புரியத்தான் இல்லை. அறுபத்திரண்டில் வாங்கினால் பிச்சை, அறுபத்தைந்தில் வாங்கினால் உரிமை. இரண்டும் ஒரே அரசாங்கத்தின் கையிலிருந்துதான் வருகிறது. நடுவிலுள்ள மூன்று வருஷம் இவன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய காலமாம்.

மானத்தைக் காப்பாற்ற அவன் பிடித்த வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். தெற்கே எங்கேயோ ஒரு சங்கம். சுமைதாங்கிகள் என்று பெயர். பக்தியுள்ளவர்கள் மாதாமாதம் பணம் போட்டு, ஒருவர் ஆஸ்பத்திரிச் செலவை இன்னொருவர் தாங்குவார்கள். இது இன்சூரன்ஸ் கிடையாது என்று அவர்களே முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உறுப்பினர் குடிவெறியில் இருக்கக்கூடாது, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போக வேண்டும், புகையிலையை எந்த வடிவத்திலும் தொடக்கூடாது என்று உறுதிமொழி வேறு.

டெல்மருடைய ஜீன்ஸ் ஒவ்வொன்றிலும் வலது பின்பாக்கெட்டில் ஒரு வட்டம் வெளுத்திருக்கும். மெல்லும் புகையிலை டப்பாவை வைத்து வைத்து விழுந்த தடம். சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகிற நல்ல ஜீன்ஸில்கூட அந்த வட்டம் உண்டு. அந்த டப்பாவின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் தனக்கும் மார்லாவுக்குமாக உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டான்.

"அதுல புகையிலை கூடாதுன்னு போட்டிருக்கு, டெல்மர்" என்று மார்லா சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

"அது சிகரெட்டுக்காரனுங்களுக்கு. நான் ஊதுறேனா? போடி, எல்லாம் தெரியும்."

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அவன் அலட்டல் தாங்கவில்லை. காசை மிச்சம் பிடித்தேன் பார், உன்னை மாதிரி கிழடு தட்டின பிறகும் சட்டி கழுவுகிறேனா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். அப்புறம் அவனுக்கு அறுபத்து நான்கு நடந்த செப்டம்பரில், விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு விறகு பிளக்கும் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சில் யாரோ ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறது என்றானாம். மார்லா அழுது அடம்பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். இதயத்துக்கு ரத்தம் போகும் குழாய்களில் மூன்று அடைத்துக்கொண்டிருந்தன. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், தள்ளிப் போடுவது நல்லதில்லை என்று டாக்டர் சொன்னார்.

அங்கேதான் நம் ஆள் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டான். நர்ஸ் வழக்கம்போல் புகையிலை உண்டா என்று கேட்டிருக்கிறாள். இவன் நெஞ்சை நிமிர்த்தி, "பதினாறு வயசுலேர்ந்து மெல்லுறேன், ஒரு பல்லு ஆடல" என்றிருக்கிறான். அவள் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். சங்கத்துக்கும் அது அப்படியே போனது.

சங்கத்திலிருந்து ஒருத்தன் போன் பண்ணினான். நானும் அப்போது அங்கே இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டேன். தேனாகப் பேசினான். முதலில் டெல்மருக்காக ஜெபம் செய்தான். அவன் இதயத்துக்காக, மார்லாவுக்காக, அறுக்கப் போகிற டாக்டரின் கைக்காகக்கூட ஜெபம் செய்தான். ஆமென் சொல்லிவிட்டு, உறுதிமொழியை மீறியதால் இந்தச் சுமையைச் சங்கம் தாங்க இயலாது, உறுப்பினர் பட்டியலிலிருந்தும் இருவரையும் எடுத்துவிட்டோம் என்றான். அதன் பிறகும் ஒரு மாதம் போல டெக்சாஸிலிருந்தும் ஜார்ஜியாவிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் பூப்போட்ட வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சீக்கிரம் குணமாகுங்கள் என்று எழுதியிருந்தது. மார்லா அதையெல்லாம் ஜன்னலில் அடுக்கி வைத்தாள். நான் இருந்தால் அடுப்பில் போட்டிருப்பேன்.

இன்சூரன்ஸ் இல்லாமல் அந்த ஆபரேஷனுக்குப் போனால் வீடு போய்விடும் என்றான் டெல்மர். அதில் அவன் சொன்னது சரிதான், பொய் சொல்ல மாட்டேன். ஊரில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தீயணைப்புக் கூடத்தில் ஸ்பகெட்டி விருந்து வைப்போம், சீட்டு விற்போம், பெட்ரோல் பங்க் கவுண்டரில் நோயாளியின் போட்டோ ஒட்டிய ஜாடி வைப்போம். உலகத்திலேயே பணக்கார நாடு, ஸ்பகெட்டி விற்று இதயத்தை அறுக்கிறது. கேவலம்தான், இருந்தாலும் செய்வோம். பக்கத்து வீட்டு வெண்டெலின் மகளுக்கு ரத்தப் புற்று வந்தபோது அப்படித்தான் செய்தோம். டெல்மர் சீட்டு வாங்கவில்லை. முன்னாடியே யோசித்திருக்க வேண்டும் என்று வெண்டெலின் முகத்துக்கு நேராகவே சொன்னவன் அவன்.

"விருந்து ஏற்பாடு பண்ணவா? வெண்டெலே சமைக்கிறேன்னு சொல்றான்" என்று கேட்டேன்.

"அவன் சமைக்கிறதத் தின்னுட்டு ஊரு எனக்குக் காசு போடணுமா? பெட்ரோல் பங்க்ல என் மூஞ்சிய ஜாடியில ஒட்டப் போறியா?"

"உன் மூஞ்சிய ஒட்டினா இருக்குற காசும் திரும்பிப் போயிரும். மார்லா போட்டோவ ஒட்டுறேன்."

அவன் சிரிக்கவில்லை. "ஒண்ணும் வேணாம். டிசம்பர் ஒண்ணு என் பொறந்த நாள். அன்னிக்கு மெடிகேர் ஆரம்பிக்குது. ரெண்டாந்தேதி கத்தியப் போடச் சொல்லு. அது வரைக்கும் அசையாம உக்காந்திருக்கப் போறேன். அவ்வளவுதான்."

மெடிகேருக்கு அவனே போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அலுவலகத்தில் என்ன சொன்னார்கள் என்று மார்லா கேட்டதற்கு, "அந்தப் பொண்ணு என்னமோ தேதி கீதின்னு வளவளன்னு பேசிச்சு, என் பொறந்த நாள் எனக்குத் தெரியாதா, கையெழுத்தப் போட்டுட்டு வந்துட்டேன்" என்றானாம். அக்டோபரில் கார்டு வந்தது. சிவப்பு, வெள்ளை, நீலம், கொடி நிறத்தில் காகித அட்டை. அதைப் பர்ஸில் செருகி இடது பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். யார் வந்தாலும் அந்தப் பக்கத்தைத் தட்டிக் காட்டுவான். "இங்க இருக்கு. டிசம்பர் ஒண்ணு வரட்டும்."

"எங்க குடு, பாக்கலாம்" என்று ஒருநாள் கை நீட்டினேன்.

"உனக்கு வந்தா பாத்துக்க. இன்னும் ரெண்டு வருஷம் உருளைக்கிழங்கு வறு."

நான் பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கவில்லை.

அந்த நவம்பரை என்னால் மறக்க முடியாது. டெல்மர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். குனிய மாட்டான், மாடி ஏற மாட்டான், தும்மல் வந்தால்கூடப் பயந்து பயந்து தும்முவான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக்கொள்வான். விறகு பிளப்பது, பனி தள்ளுவது, கராஜ் கதவைத் தூக்குவது எல்லாம் மார்லா தலையில். போதாததற்கு, நாற்காலியிலிருந்தபடியே அவளுக்குப் பாடம் வேறு. கோடாலியை இப்படிப் பிடி, மண்வெட்டியை அப்படித் தள்ளு. அவள் இடது கையால் எதையும் தூக்காததை நான் கவனித்தேன். கேட்டதற்குப் பிடிப்பு என்றாள்.

மான் வேட்டை தொடங்கியது. பன்னிரண்டு வயதிலிருந்து முதல் நாளைத் தவறவிடாதவன் டெல்மர். அவனுடைய ஆரஞ்சுக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது. ஊரே காட்டுக்குள் இருந்தது, தூரத்தில் சுடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று காலையில் நல்ல கொம்புள்ள ஆண் மான் ஒன்று நேரே இவர்கள் முற்றத்துக்கு வந்து மார்லாவின் செடியை மேய்ந்தது. டெல்மர் அதைப் பார்த்தான். அது இவனைப் பார்த்தது. துப்பாக்கி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேலி பண்ண வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். இவன் நிஜமாகவே சாவுக்குப் பயந்துபோயிருக்கிறான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளன்று வான்கோழி விருந்து அவர்கள் வீட்டில். டெல்மர் பாதித் தட்டு சாப்பிட்டுவிட்டு டிவியில் ஃபுட்பால் பார்க்கப் போனான். பழ அடையை அறுத்துக்கொண்டிருந்த மார்லா திடீரென்று கத்தியை வைத்துவிட்டு ஓடினாள். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் போனை எடுத்தேன்.

"வை" என்றான் டெல்மர். "வேணாம். அடங்கிரும்."

"உனக்குப் பைத்தியமா? இது நெஞ்சு வலி."

"தெரியும். இன்னும் நாலு நாளுதான். டிசம்பர் ஒண்ணு. அதுக்குள்ள ஆம்புலன்ஸ்ல ஏத்தினீங்கன்னா வீடு போயிரும். மார்லா, அவகிட்டேர்ந்து போன வாங்கு."

மார்லா என்னிடமிருந்து போனை வாங்கினாள். நான் அவளை அறைந்திருப்பேன். ஆனால் அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு மாத்திரை வெச்சுப் பாப்போம்" என்றாள். வைத்தார்கள். இன்னொன்றும் வைத்தார்கள். டிவியில் ஆட்டத்தின் இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்று கத்திக்கொண்டிருந்தேன். வீடு போனால் என் வீட்டில் வந்து கிடந்து தொலையுங்கள், சனியன் பிடித்தவர்களே என்று கத்தினேன். டெல்மர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தான். அப்புறம் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தான். மார்லாவே எண்களை அழுத்தினாள்.

ஆம்புலன்ஸில் தொண்டு வேலை செய்கிறவன் அன்றைக்கு வெண்டெல். தன் வீட்டு வான்கோழியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். டெல்மரின் நெஞ்சின் மேல் ஏறி அமுக்கிக்கொண்டே போனான். முன்னாடியே யோசித்திருக்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டெல்மரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மார்லாவின் மடியில் வைத்தார்கள். முன்மேஜையிலிருந்த பெண் பெயர், முகவரி எல்லாம் கேட்டுவிட்டு இன்சூரன்ஸ் கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் மார்லா. "மெடிகேர் வரப் போகுது. டிசம்பர் ஒண்ணுலதான் ஆரம்பம்."

"கார்டு வந்திருச்சா?"

மார்லா பைக்குள் கையை விட்டு ஜீன்ஸை எடுத்தாள். ஒரு பாக்கெட்டில் புகையிலை டப்பா. இன்னொன்றில் பர்ஸ். கார்டை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள், மறுபடியும் பார்த்தாள்.

"இது நவம்பர் ஒண்ணாந்தேதியே ஆரம்பிச்சிருச்சேம்மா."

"அவர் பொறந்தது டிசம்பர் ஒண்ணு."

"ஆமா. ஒண்ணாந்தேதி பொறந்தவங்களுக்கு முந்தின மாசமே ஆரம்பிச்சிரும். இதோ கார்டுலயே போட்டிருக்கு பாருங்க. கவலைப்படாதீங்க, எல்லாம் கவர் ஆகும்." நல்ல சேதி சொல்கிற முகத்தோடு அந்தப் பெண் சிரித்தாள்.

மார்லா கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். தேதியின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள், அழிந்துவிடுமா என்று பார்க்கிறவள் மாதிரி. "மாசம் பூரா அவன் பாக்கெட்லயே இருந்திருக்கு" என்றாள். "துணி துவைக்கிறப்ப நான்தான் பர்ஸ எடுத்து வெளிய வெப்பேன், பெவ்."

எனக்கு வந்த கோபத்தில் உள்ளே போய் அவனை எழுப்பி மறுபடியும் சாகடிக்கலாம் போலிருந்தது.

அவன் சாகவில்லை. அறுத்தார்கள், குழாய்களை மாற்றித் தைத்தார்கள். ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் செத்துப்போயிருந்தது. முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் முழுசாகக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மார்லாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இனி விறகு இல்லை, படகு இல்லை, மான் இல்லை. கட்டிலை முன்னறைக்கு இறக்கிப் போட்டோம். கழிப்பறை வரைக்கும் நடந்துவிட்டு வந்தால் மூச்சு வாங்கும்.

வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்தபோதே டிசம்பர் ஒன்று வந்து போய்விட்டதல்லவா, அதைப் பிடித்துக்கொண்டான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கட்டிலில் சாய்ந்தபடி கதை சொன்னான். "நாலு நாளு இடிச்சுது. இருந்தாலும் ஒண்ணாந்தேதி தாண்டிப் படுத்திருந்தேன்ல, அவனுங்களால ஒண்ணும் பேச முடியல. வீட்டக் காப்பாத்திட்டேன். மத்தவனா இருந்தா செப்டம்பர்லயே கையத் தூக்கியிருப்பான். பொறுமை வேணும்ப்பா." கேட்டவர்களும் பெரிய சாமர்த்தியம் என்று தலையாட்டினார்கள். அதில் ஒருத்தன் தன் குடலிறக்க ஆபரேஷனை வசந்தத்துக்கு ஒத்திப் போட்டுவிட்டானாம். கூறுகெட்டவனுக்கு ஒரு சிஷ்யன்.

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிடும் எனக்கு. மார்லா சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாத, பெவ்."

"ஏன்டீ சொல்லக்கூடாது? உன்ன ஒரு மாசம் மாடு மாதிரி வேலை வாங்கிட்டு, அவன் வீரன் கணக்கா பேசுறான்."

"அவனால ஒரு விறகக்கூடத் தூக்க முடியாது. பேச்சு ஒண்ணுதான் மிச்சம். விட்டுடு."

விட்டேன். அவளுக்காக விட்டேன். இவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி வாய்த்ததற்கு இவன் என்ன புண்ணியம் செய்தானோ தெரியவில்லை.

ஜனவரி முதல் ஞாயிறு, சர்ச் முடிந்து அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். மார்லா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கு இடது மார்புல ஒரு கட்டி இருக்கு" என்றாள். "கோடையிலேர்ந்து இருக்கு. இப்ப அக்குள் வரைக்கும் வந்திருச்சு."

டெல்மர் தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தான். முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன், அவன் ஒன்றும் மிருகம் கிடையாது. ஆனால் மறுநிமிஷமே தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற பழைய முகம் திரும்பி வந்துவிட்டது.

"கொழுப்புக் கட்டியா இருக்கும். எங்கக்காவுக்கு இருந்துச்சு, தானா கரைஞ்சிருச்சு."

"காட்டணும், டெல்மர். அரசாங்கத் திட்டத்துல சேர இன்னும் நாள் இருக்கு. நூலகத்துல ஒரு பொண்ணு உதவி பண்ணுது."

"அந்தப் பிச்சைய நம்ம வீட்டுல வாங்க வேணாம்னு எத்தன தடவ சொல்றது? உனக்கு அறுபத்தொண்ணு. கண்ண மூடித் திறந்தா அறுபத்தஞ்சு. நான் பொறுத்துக்கல? கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். மார்லா என்னைப் பார்த்து உட்கார் என்று கையைக் காட்டினாள். அவள் ஆணியில் தொங்கிய ஜீன்ஸிலிருந்து பர்ஸை எடுத்தாள். கார்டை உருவினாள். தன் படிக்கும் கண்ணாடியைக் கழற்றி, சின்னப் பிள்ளைக்குத் தொப்பி வைப்பது போல மெதுவாக அவன் மூக்கில் மாட்டினாள். கார்டை அவன் கையில் கொடுத்தாள்.

"படி" என்றாள்.

"என்னது இது? மெடிகேர் கார்டு. இதுல என்ன..."

"படி, டெல்மர். கீழ ஒரு தேதி இருக்கு. சத்தமாப் படி."

அவன் கண்ணாடிக்குள் கண்ணை இடுக்கினான். "நவம்பர்" என்றான். நிறுத்தினான். "நவம்பர் ஒண்ணு."

அடுப்பில் விறகு சரிந்தது.

"தப்பா அடிச்சிருக்கான்" என்றான். குரலில் பலம் இல்லை.

"இல்ல. ஒண்ணாந்தேதி பொறந்தா முந்தின மாசமே வந்திரும். ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அந்த ஆபீஸ்லயும் உன்கிட்டச் சொல்லியிருப்பாங்க."

"அப்போ அந்த மாசம் பூரா நான்..."

"ஆமா" என்றாள் மார்லா. குத்திக் காட்டும் குரல் இல்லை. கோட்டை எடுத்து வலது கையை முதலில் நுழைத்தாள், இடது கையை நான் பிடித்து விட்டேன். "உன்கிட்ட சாகிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது, டெல்மர். நூலகம் இன்னிக்கு மூடியிருக்கும். பெவ் வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு. சூப் அடுப்பு மேல இருக்கு."

அவன் மார்லா என்று கூப்பிடுவான், ஏதாவது பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவனுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போனதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

வெளியே பனி விழுந்திருந்தது. மார்லாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு, முன்கண்ணாடியைச் சுரண்டியபடி வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். என் தங்கையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டெல்மர் அந்தக் கார்டின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.